எப்படியோ கட்டிவிட்டாரா அம்மா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன், வயது 21. தனியார் நிறுவனம் ஒன்றில் டிகிரி படிக்கிறேன். இரண்டு வருடத்தில் வெளிநாட்டில் மாஸ்டர்ஸ் செய்ய வங்கிக் கடன் எடுக்க வேண்டிவரும். அதற்குள் என் பெயரில் நல்ல கிரெடிட் ஸ்கோர் இருக்க வேண்டும். மாணவனுக்கு எந்தக் கிரெடிட் கார்ட் நல்லது? இப்போது என் பெயரில் கடன் எதுவும் இல்லை. லப்டொப் மட்டும் அம்மாவின் கார்ட்டில் 24 மாதத் தவணைக்கு எடுத்தது. மாதம் 10,000 ரூபாய், ரியூஷன் கொடுத்து நான்தான் கட்டுகிறேன். பட்ச் ட்ரிப் வந்ததால் இரண்டு மாதம் கொடுக்க முடியவில்லை. கொஞ்சம் பிந்தினாலும் அம்மா எப்படியோ கட்டிவிட்டார். அவர் ரீச்சர். அது அம்மாவின் பெயரில்தானே, எனக்குப் பாதிப்பு வராது அல்லவா?

பதில்: தம்பி, கார்ட்டுக்குப் பிறகு வருவோம். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டு தரமும் ஒரே சொல்லில் தடக்கி நின்றேன். ‘எப்படியோ.’

எப்படி? ரீச்சர் சம்பளத்தில் கொழும்பில் வீட்டு வாடகை, கரண்ட் பில், உங்கள் செமஸ்டர் காசு எல்லாம் போன பிறகு, எதிர்பாராத 10,000 ரூபாய் இரண்டு மாதம் எங்கிருந்து வந்தது? நீங்கள் கேட்கவில்லை. பட்ச் ட்ரிப்புக்கு எவ்வளவு செலவானது என்று உங்களுக்குச் சதக் கணக்கில் தெரிந்திருக்கும். அம்மாவின் 20,000 எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. தவணை பிந்தினால் எஸ்.எம்.எஸ். அவருடைய போனுக்குத்தான் வரும். வங்கியிலிருந்து கோல் வந்தால் ஸ்டாஃப் ரூமில் மற்ற ரீச்சர்மாருக்கு முன்னால் எழும்பி வெளியே போய்ப் பேசுவது அவர்தான். வட்டியில்லாத் தவணை என்றுதான் எடுத்திருப்பீர்கள். பிந்திய தவணைக்கு வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறும் என்பதையாவது அறிவீர்களா?

சரி, ‘எனக்குப் பாதிப்பு வராது’ என்ற கதைக்கு வருவோம். இங்கே கடன் வரலாற்றைத் திரட்டி வைப்பது ‘கிரிப்’, அதாவது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். 1990இல் சட்டம் போட்டு உருவாக்கியது. (யூடியூபில் 300, 900 என்று மூச்சுவிடாமல் சொல்லுகிறார்களே, அது இந்தியாவின் சிபில் ஸ்கோர். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.) ‘கிரிப்பில் பேர் விழுந்திட்டுது’ என்று சனம் கறுப்புப் பட்டியலைப் போலப் பயப்படும். ஒழுங்காகக் கட்டியவர் பெயரும் அங்கேதான் இருக்கிறது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் அனுப்புகிற விபரம் அது. யார் எவ்வளவு எடுத்தார், எந்த மாதம் பிந்தினார், யாருக்குப் பிணை நின்றார் எல்லாம் அதில் வரும். கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது வங்கி.

இப்போது யோசியுங்கள். நிரந்தரச் சம்பளம் இல்லாத பிள்ளைக்கு எந்த வங்கி தனியாகப் படிப்புக் கடன் கொடுக்கும்? கூட்டாகக் கையெழுத்துப் போட, அல்லது பிணை நிற்க, பெற்றோரைத்தான் கேட்கும். கேட்ட கையோடு அவர்களுடைய கிரிப் அறிக்கையையும் எடுக்கும். அங்கே உங்கள் இரண்டு மாதமும் அம்மாவின் பெயருக்குக் கீழே இருக்கலாம். நீங்கள் ஏறப்போகிற ஏணியின் படியை நீங்களே ஆட்டிவிட்டு, எனக்கு எந்தக் கார்ட் நல்லது என்கிறீர்கள்.

எங்கள் அப்பா காலத்தில் கொட்டாஞ்சேனைப் பலசரக்குக் கடையில் நீளமான ஒரு கொப்பி இருக்கும். சம்பளம் எடுத்த அன்று அப்பா வீட்டுக்கு வர முதல் அந்தக் கடைக்குப் போவார். கடன் தீர்ந்ததென்று முதலாளி அப்பாவின் பெயருக்கு நேரே சிவப்புப் பென்சிலால் கோடு இழுப்பார். அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவார். அந்தக் கொப்பியில் அம்மாவின் பெயரோ எங்கள் பெயரோ ஒருநாளும் ஏறியதில்லை. எங்கள் செலவும் அவர் பெயரிலேயே ஏறியது. உங்கள் வீட்டில் இது தலைகீழாக நடக்கிறது. உங்கள் செலவு அம்மாவின் பெயரில் ஏறுகிறது, நீங்களோ சுத்தமான பெயரோடு வெளிநாடு போகப் பார்க்கிறீர்கள். பிள்ளைக்காகத் தாய் பெயர் கொடுப்பது வழமைதான். கொடுத்த பெயரைக் காப்பாற்றுவது பிள்ளையின் வேலை, இதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

கார்ட் கேட்டீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். டெபிட் கார்ட்டை எவ்வளவு தேய்த்தாலும் கடன் வரலாறு வராது, அது உங்கள் சொந்தக் காசு. சீட்டுப் பிடிப்பதும் கிரிப்புக்குத் தெரியாது. அம்மாவின் கார்ட்டோடு இணைப்புக் கார்ட் எடுக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், அதுவும் அவர் தலையில்தான் விழும். ரியூஷன் காசில் ஒரு தொகை சேர்த்து நிலையான வைப்பில் போட்டு, அதைப் பிணையாக வைத்துச் சிறிய எல்லையுள்ள கார்ட் ஒன்று கேளுங்கள். சில வங்கிகள் கொடுக்கும். பஸ் காசு, போன் ரீலோட் அளவுக்குப் பாவித்து, குறைந்தபட்சத் தொகையோடு நிறுத்தாமல் முழுவதையும் திகதிக்கு முன் கட்டுங்கள். நண்பன் லீசிங்குக்குப் பிணைக் கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

இதெல்லாம் லப்டொப் தவணை முடிந்த பிறகு. அதுவரை 10,000 ரூபாயும் அம்மா கேட்க முதல், ரியூஷன் காசு கைக்கு வந்த அன்றே அவர் கைக்குப் போக வேண்டும். அவருடைய கிரிப் அறிக்கையை அவரே அடையாள அட்டையோடு விண்ணப்பித்து எடுக்கலாம். கூடப் போங்கள், இரண்டு பேரும் சேர்ந்து வாசியுங்கள்.

அதற்கு முன் இன்றிரவு, அவர் கொப்பி திருத்தி முடித்த பிறகு, அந்த 20,000 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அம்மா பேச்சை மாற்றினால் அவர் கையைப் பாருங்கள், காப்பு இருக்கிறதா என்று. இல்லாவிட்டால் அலுமாரிக்குள் செட்டியார் தெரு அடகுச் சீட்டு ஒன்று இருக்கும். அதில் போட்டிருக்கிற திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.