கேள்வி – பதில்

கேள்வி: பிலிப்பைன்ஸ் மக்கள் தங்கள் தேசிய வீரர் ஹோசே ரிசாலை எவ்வாறு நினைவுகூர்கிறார்கள்?

பதில்: கண் மருத்துவரும் நாவலாசிரியருமான ரிசாலை ஸ்பானிய ஆட்சியினர் 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் சுட்டுக் கொன்றனர். அந்த நாள் அங்கு அரசு விடுமுறை. தேசியக் கொடி அரைக் கம்பத்தில் பறக்கும். அவர் உயிர்நீத்த திடலே இன்றைய ரிசால் பூங்கா. 1912-இல் அவருடைய எச்சங்கள் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில், மறு ஆண்டு திறக்கப்பட்ட வெண்கலச் சிலையின் முன் வீரர்கள் இரவும் பகலும் முறைவைத்துக் காவல் நிற்கின்றனர். (சிலையை வடித்தவர் ரிச்சர்ட் கிஸ்லிங் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், போட்டியில் அவருக்குக் கிடைத்தது இரண்டாம் பரிசுதான்!) சாந்தியாகோ கோட்டைச் சிறையிலிருந்து அவர் நடந்து சென்ற கடைசி வழியில் உலோகக் காலடித் தடங்களைப் பதித்திருக்கிறார்கள், அவற்றின் மேல் கால்வைத்து நடப்பவர்கள் உண்டு.

என்றாலும், சிலையைவிட 1956-ஆம் ஆண்டுச் சட்டமே மேலானது என்பேன். கத்தோலிக்கத் திருச்சபையின் கடும் எதிர்ப்புக்கிடையே நிறைவேறிய அச்சட்டம், அவருடைய வாழ்வையும் நாவல்களையும் பள்ளி, கல்லூரிகளில் கட்டாயப் பாடமாக்கியது. அந்நாட்டு நாணயமான பெசோவில், ஒரு பெசோ காசிலும் அவர் முகமே உள்ளது. இத்தனைக்கும், அவரைத் தேசிய வீரர் என்று அறிவிக்கும் தனிச் சட்டம் எதுவும் அந்நாட்டில் இல்லை.