தன்னிச்சை எழுத்தில் சினிமாப் பாட்டு வந்தால் என்ன செய்வது?

கேள்வி: பெங்களூர் அல்சூரில் இருக்கிறேன், கவிதை எழுதுவேன். கனவையும் நனவிலி மனதையும் கலையாக்க முயன்ற சர்ரியலிஸ்டுகளின் தன்னிச்சை எழுத்தை, அதாவது யோசிக்காமல் மனதில் வருவதை அப்படியே எழுதும் முறையை, பழகிப் பார்க்கிறேன். ராத்திரி போனை எடுத்து எழுத ஆரம்பித்தால் சினிமாப் பாட்டு வரிகளும் ஆபீஸ் வேலைகளும்தான் வருகின்றன. நமக்கே தெரியாமல் உள்ளே இயங்கும் நனவிலி மனம் இதுவா?

பதில்: முதலில் போனைத் தள்ளி வையுங்கள். தமிழ் கீபோர்டில் இரண்டு எழுத்து தட்டியதுமே மேலே சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். விரல் அதில் ஒன்றைத் தொட்டுவிடும். அது உங்கள் சொல் இல்லை. தடையில்லாமல் ஓடும் ஜெல் பேனாவும் கோடு போட்ட ஏ4 தாள்களும் போதும். நேரத்தையும் மாற்றுங்கள். காலையில் எழுந்ததும், வாட்ஸ்அப் பார்ப்பதற்கு முன்னால், 20 நிமிடம்.

இந்த முறை மருத்துவத்திலிருந்து வந்தது. பின்னாளில் சர்ரியலிச இயக்கத்தைத் தொடங்கிய ஆந்த்ரே பிரெதோன், மருத்துவ மாணவராக 1916இல் போரில் மனம் பாதிக்கப்பட்ட சிப்பாய்களுக்கான மையத்தில் பணியாற்றியபோது, மனதில் தோன்றுவதைத் தடையில்லாமல் சொல்லவைக்கும் உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டின் முறைகளை அறிந்துகொண்டார். 1919இல் கவிஞர் பிலிப் சூப்போவும் அவரும் சேர்ந்து அதே வழியில் எழுதினார்கள். முதல் நாளிலேயே சுமார் 50 பக்கம். அந்த வேகம்தான் விஷயமே. தமிழில் கையால் எழுதும்போது ஒரு பக்கத்தை 7 நிமிடத்துக்குள் முடிக்கப் பாருங்கள். அதைவிட மெதுவாகப் போனால் வாக்கியத்தைத் திருத்தத் தொடங்கிவிடுவீர்கள். எழுதி முடிக்கும்வரை எழுதியதைத் திரும்பிப் படிக்கவே கூடாது. கன்னடமோ ஆங்கிலமோ நடுவில் வந்தால் வந்தபடியே எழுதுங்கள். தமிழ்ச் சொல் தேடினால் ஓட்டம் அறுந்துவிடும்.

தடைபட்டால் என்ன செய்வது என்று பிரெதோனே 1924 சர்ரியலிச அறிக்கையில் சொல்லியிருக்கிறார்: வாக்கியத்தை அங்கேயே முறித்து, முன்கூட்டி முடிவு செய்த ஓர் எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்க வேண்டும். 'க', 'ந', 'ப' எல்லாம் நல்ல தேர்வு. 'ள', 'ண' வேண்டாம். தமிழ்ச் சொற்கள் அவற்றில் தொடங்குவதில்லை, யோசித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவீர்கள்.

இனி பாட்டு வரிகள். பலரும் இவற்றைக் குப்பை என்று அடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள். எழுதிய தாளை ஒரு நாள் மூடி வைத்துவிட்டு, மறுநாள் அந்த வரியை அசல் பாட்டோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிடுங்கள். எங்காவது ஒரு சொல் மாறியிருக்கும், அல்லது விட்டுப்போயிருக்கும். 1901இல் வெளிவந்த ஆய்வில் ஃப்ராய்ட் இதே போன்ற ஒன்றைத்தான் ஆராய்ந்தார். பயணத்தில் சந்தித்த இளைஞர் ஒருவர் பழைய லத்தீன் கவிஞர் வெர்ஜிலின் வரியைச் சொல்லும்போது ஒரு சொல்லை விட்டுவிட்டார். அந்தச் சொல்லிலிருந்து மனதில் தோன்றியதையெல்லாம் சொல்லச் சொன்னபோது, காதலி கர்ப்பமாகியிருப்பாளோ என்ற பயத்தில் போய் நின்றது. நீங்களும் மாறிய சொல்லை வட்டமிட்டு, பக்கத்தில் 10 நிமிடம் நினைவுகளைக் குறியுங்கள். ஆபீஸ் பட்டியலிலும் அப்படித்தான், வேலையின் பெயரில் எழுத்து பிசகிய இடத்தைத் தேடுங்கள். கவிதைக்கான பொருள் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

வேகமாக எழுதியதெல்லாம் நேரடி நனவிலி என்று நான் சொல்ல மாட்டேன். கனவுத் தொகுப்பு ஒன்றுக்காக பிரெதோன் கேட்டபோது ஃப்ராய்டும், கனவைப் பற்றி, கண்டவரின் மனதில் அடுத்தடுத்துத் தோன்றும் நினைவுகள் இல்லாத வெறும் கனவுகள் தனக்கு எதையும் சொல்வதில்லை என்றே பதில் எழுதினார். அதனால் அந்த 10 நிமிடக் குறிப்பைத் தவிர்க்காதீர்கள்.

சொல்லே சலித்துப்போகும் நாளில் சர்ரியலிஸ்ட் ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925இல் மரத்தரையில் செய்ததைச் செய்யலாம். பழைய கதவின் மேல் மெல்லிய தாளை ஒட்டி, 6பி பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். மரத்தின் ரேகையில் தெரியும் உருவத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள். ஜெராக்ஸ் தாள் தடிமன், நுண்ணிய ரேகை சரியாக விழாமல் போகலாம். மெல்லிய டிரேசிங் தாள் வாங்கி, நான்கு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். நகர்ந்தால் ரேகை இரட்டையாகிவிடும்.