மாஸ் எஃபெக்ட் 2: மிராண்டாவின் விசுவாசம் போய்விட்டால்

மாஸ் எஃபெக்ட் 2 வீடியோ விளையாட்டில் உங்கள் குழுவில் இருக்கும் மிராண்டாவும் ஜாக்கும் மோதும்போது ஜாக் பக்கம் பேசினால், மிராண்டாவின் விசுவாசம் போய்விடும். முன்பு சேமித்து வைத்த பழைய ஆட்டத்தைத் தேட வேண்டாம். மிராண்டாவின் அறைக்குப் போய்ப் பேசுங்கள். பாரகன் (நல்லவர்) அல்லது ரெனிகேட் (முரடர்) புள்ளி போதுமான அளவு இருந்தால் நீல அல்லது சிவப்பு உரையாடல் வரி திறக்கும், விசுவாசமும் திரும்பும். அந்த வரி மங்கலாகவே இருந்தால் புள்ளி போதவில்லை. விளையாட்டு பார்ப்பது மொத்தப் புள்ளியை மட்டுமல்ல, அதுவரை கிடைத்திருக்கக்கூடியதில் நீங்கள் எடுத்த பங்கை. நல்லவராகவும் முரடராகவும் மாறி மாறிப் பேசுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அப்படியும் திரும்பவில்லையா? இறுதிப் பயணத்தில் இரண்டாவது முறை குழுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது தலைமையை மிராண்டாவுக்கே கொடுங்கள். விசுவாசம் இல்லாமலும் அதைச் சரியாகச் செய்வார். கடைசிச் சண்டைக்கு மட்டும் கூட்டிப்போகாதீர்கள், இறந்துவிடுவார். பின்னால் காவலுக்குக் குழுவில் உள்ள கிரண்ட், காரஸ் இருவரையும் விட்டுச் செல்லுங்கள்.