ஏழு வாரக் குழந்தைக்குக் கிளமிடியா நிமோனியா: கணவரிடம் சொல்லாமல் மருந்து கொடுக்கலாமா?

கிளமிடியா என்பது உடலுறவில் தொற்றும் கிருமி; அது தாயிடமிருந்து குழந்தைக்கு வந்து நுரையீரலைத் தாக்கினால் கிளமிடியா நிமோனியா. உங்கள் குழந்தைக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு, கணவர் காதுக்குப் போகாமல் முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது, அம்மா. அந்தக் கணவன் நின்ற இடத்தில் நின்றவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். (2007இல் பெயர் மாற்றினார்கள், எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) லாரிக்காரன் வைத்தியம் சொல்ல வந்துவிட்டான் என்று எழுதக் காத்திருப்பவர்கள் எழுதிக்கொள்ளட்டும். என் மகளுக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன்.

அவள் பிறந்து 10ஆம் நாள் இரண்டு கண்ணும் வீங்கிச் சீழ் வடிந்தது. காலையில் இமையைப் பிரிக்கவே முடியவில்லை. கண்ணில் தாய்ப்பால் விடு, சரியாகும் என்றார் என் அம்மா. கிளினிக்கில் சொட்டு மருந்து கொடுத்தார்கள், வற்றிவிட்டது. நாங்களும் மறந்துவிட்டோம்.

ஆறாவது வாரம் இருமல் வந்தது. அதுபோல் ஓர் இருமலை நான் அதுவரை கேட்டதில்லை. ஒரு சின்ன இருமல், உடனே ஒரு மூச்சு, மறுபடி ஒரு இருமல், ஒரு மூச்சு. பாட்டரி தளர்ந்த லாரியைச் சாவி திருகுவது போல விட்டுவிட்டு வரும். மூக்கடைப்பு. பால் குடிக்கும்போது நடுவில் விட்டுவிட்டு இளைப்பாள். ஆனால் உடம்பு சுடவில்லை. எங்களைக் கெடுத்தது அதுதான். காய்ச்சல் இல்லாத இருமல் வெறும் சளி என்று சாம்பிராணியும் தைலமுமாக 10 நாட்களைத் தொலைத்தோம்.

கடைசியில் கிளினிக் மிஸ்ஸிதான் (நர்ஸ்) சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணினார். 64. இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு மூச்சு 60ஐத் தொட்டாலே ஆபத்து என்று சொல்லி, அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, பிறந்த புதிதில் கண்ணில் சீழ் வந்ததா என்பது. இருமலுக்கு வந்தவர்களிடம் கண்ணைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று எரிச்சல் வந்தது. பிறகு புரிந்தது: பிரசவத்தின்போது தாயிடமிருந்து வரும் கிருமி கண்ணிலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கும். சொட்டு மருந்து கண்ணோடு நின்றுவிடும், மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் கிருமி நுரையீரலுக்கு இறங்கும். பெரும்பாலும் 1 முதல் 3 மாதத்துக்குள்தான் வெளிப்படுமாம். எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் புகைபடிந்தது போல் இருந்தது. ரத்தத்தில் இயோசினோபில் என்ற அணு கூடியிருந்தது. மூக்கின் உட்புறத்தில் பஞ்சு விட்டு எடுத்துச் சோதித்தார்கள். கக்குவான் இருமலா என்றும் பார்த்தார்கள்; அதில் இருமல் மூச்சுவிடாமல் அடுக்கடுக்காக வந்து வாந்தியில் முடியும்.

எரித்ரோமைசின் சிரப், தினம் 4 வேளை, 14 நாட்கள். கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் என்று எடை போட்டுக் கணக்கிட்டார்கள், நீங்களாக அளக்காதீர்கள். சில டாக்டர்கள் 3 நாள் அசித்ரோமைசின் கொடுப்பார்கள். இருமல் குறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள். சிலருக்கு இரண்டாவது சுற்றும் தேவைப்படும். இந்த மருந்துகளால் பச்சைக் குழந்தைகளுக்கு இரைப்பையின் வாய் தடித்து அடைபடலாம், 6 வாரத்துக்கு உட்பட்டவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். குடித்த பால் பீறிட்டு வெளியே வந்தால் விடியும் வரை காத்திருக்காமல் ஓடுங்கள்.

ஓடுங்கள் என்று எழுதிவிட்டேன், எதில் ஓடுவது? என் தாத்தா காலத்தில் தோட்டத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தது, நடுராத்திரியில் கதவைத் தட்டினால் டிரசர் (மருத்துவ உதவியாளர்) எழுந்து வருவார். இன்று அந்தக் கட்டடத்தில் உர மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். உரத்துக்குக் கூரை ஒழுகக்கூடாதென்று போன வருடம் புதுத் தகரம் போட்டார்கள். நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குக் கேட்டு எத்தனை மனு கொடுத்தோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். சரி, அதை விடுங்கள்.

தாய், தந்தை இருவருக்கும் மருந்து வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் எனக்குத் தலை சுற்றியது. வார்டு வராந்தாவில் மனைவியிடம் ஒரு கேள்வி கேட்டேன். அதை இங்கே எழுத மாட்டேன். அவள் பதில் சொல்லவில்லை, குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

டாக்டருக்கு அது கேட்டிருக்க வேண்டும். என்னைத் தனியே அழைத்தார். பெரும்பாலான பெண்களுக்கு இதில் எந்த அறிகுறியும் தெரியாது, ஆண்களிலும் பலருக்குத் தெரியாது. மாதக்கணக்கில் உடம்பில் சும்மா கிடக்கும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது என்றார். கல்யாணத்துக்கு முன் ஜொகூரில் லாரி ஓட்டிய 4 வருடங்களைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் நினைத்துப் பார்த்தேன்.

ஆகவே சொல்லிவிடுங்கள். அவர் மருந்து எடுக்காவிட்டால் உங்களுக்கே திரும்ப வரும். கை நீட்டுகிற மனிதர் என்றால் நீங்கள் சொல்ல வேண்டாம். டாக்டரையே கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பால் கொடுக்கிறவள் என்பதால் என் மனைவிக்கு ஒரே வேளை அசித்ரோமைசின். எனக்கு டாக்சிசைக்ளின், காலையும் இரவும் 7 நாட்கள், அதுவரை தனிப் படுக்கை. அந்த ஏழு இரவும் என் மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்த பிறகுதான் அவள் விளக்கை அணைத்தாள்.