பாக் இசையை நடத்திப் பிழைக்க முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 24. திருச்சியில் வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்க்கிறேன். சிறு வயதிலிருந்து எங்கள் லுத்தரன் சபையில் கீபோர்டு வாசிக்கிறேன். பியானோவில் எட்டாம் கிரேடு முடித்திருக்கிறேன். 18 பேர் கொண்ட எங்கள் கொயரை இப்போது நான்தான் நடத்துகிறேன். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் காண்டாட்டாக்களை (ஆராதனைக்காகக் குரலுக்கும் வாத்தியங்களுக்கும் எழுதிய படைப்புகள்) கேட்க ஆரம்பித்த பிறகு வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை. பரோக் காலத் (ஏறக்குறைய 1600 முதல் 1750 வரை) திருச்சபை இசையை நடத்துவதையே தொழிலாக்கிக்கொள்ள ஆசை. வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போய்ப் படிக்கலாமா? ஐரோப்பாவில் பிறக்காத என்னை இதில் ஏற்பார்களா? வருமானம் உண்டா? அம்மாவோ, "கையை ஆட்டுறதுக்கு ஒரு படிப்பா, அதுக்கு ஒரு சம்பளமா?" என்கிறார். (பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி)

பதில்: உங்கள் அம்மா கேட்டது நல்ல கேள்வி, அதிலிருந்தே வருகிறேன். கையை ஆட்டுவது மட்டும்தான் வேலை என்றால் அதற்கு யாரும் சம்பளம் தரமாட்டார்கள். நீங்கள் விரும்பும் இசை எழுதப்பட்ட காலத்தில் அப்படி ஒரு தனி வேலை இருக்கவும் இல்லை. 1723-ல் பாக் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் ஏற்ற பொறுப்பு, புனித தோமா பள்ளியின் கான்டர். பையன்களுக்குப் பாட்டுச் சொல்லித் தரவேண்டும், நகரத்தின் முக்கிய ஆலயங்களில் ஆராதனை இசையைக் கவனிக்கவேண்டும். முதல் சில வருடங்கள் ஏறக்குறைய வாரம் ஒரு காண்டாட்டா எழுதினார். எழுதி, ஒவ்வொரு குரலுக்கும் பிரதி எடுக்கவைத்து, ஒத்திகை பார்த்து, ஞாயிறு காலையில் பாடவைத்தார். 1750-ல் இறக்கும்வரை அதே பதவிதான். குழுவின் முன்னால் வெறும் கையோடு நின்றவர் அல்ல அவர். வயலினோ, பியானோவுக்கு முந்தைய கீபோர்டு வாத்தியமான ஹார்ப்சிகார்டோ வாசித்துக்கொண்டே வழிநடத்தியவர்.

இன்றும் இந்தத் துறையில் பெயர் பெற்றவர்களைப் பாருங்கள். கையில் ஒரு வாத்தியம், அல்லது நல்ல குரல், அதோடுதான் உள்ளே வந்திருக்கிறார்கள். "பரோக் நடத்துநர் தேவை" என்ற விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பம் போட்டவர்கள் அபூர்வம். ஆட்களைச் சேர்த்து, குழுவை உண்டாக்கி, அந்தக் குழுவால் தாங்களும் நடத்துநர் ஆனவர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் தானே கிடைக்கும்.

உங்களுக்கு மிக நெருக்கமான உதாரணம் மாசாக்கி சுஸுகி. 1954-ல் ஜப்பானின் கோபே நகரில் பிறந்தவர். கிறிஸ்தவர்கள் மிகச் சிறுபான்மையாக இருக்கும் அந்த நாட்டில் 12 வயதில் சபையில் ஆர்கன் வாசிக்க ஆரம்பித்தார். தோக்கியோவில் இசையமைப்பும் ஆர்கனும் படித்தார். பிறகு ஆம்ஸ்டர்டாம் போய் டோன் கூப்மனிடம் ஹார்ப்சிகார்ட் கற்றார். ஜெர்மனியில் இரண்டு வருடம் ஹார்ப்சிகார்ட் சொல்லிக்கொடுத்துவிட்டு 1983-ல் ஊர் திரும்பினார். கோபேயில் ஒரு பெண்கள் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை. 1990-ல்தான் 'பாக் கொலீஜியம் ஜப்பான்' என்ற குழுவைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 36. 1995-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஒரு நிறுவனத்துக்காகப் பாக்கின் திருச்சபைக் காண்டாட்டாக்களை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினார். முன்பு வேலை பார்த்த அதே பல்கலைக்கழகத்தின் சிற்றாலயம்தான் ஒலிப்பதிவுக்கூடம். 2013-ல் முடித்தபோது 18 வருடம் ஆகியிருந்தது, 55 தொகுதிகள் வந்திருந்தன. அதற்கு முந்தைய வருடமே லைப்ஸிக் நகரம் அவருக்குப் பாக் பதக்கம் கொடுத்திருந்தது. பாக் வேலை பார்த்த ஊரே ஒரு ஜப்பானியரைக் கூப்பிட்டுக் கௌரவித்திருக்கிறது என்றால், பிறந்த நாடு இதில் தடை இல்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

வேலையை விடும் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். பரோக் இசையில் பெரிய பெயரான நிகோலாஸ் ஹார்னோன்கூர் 1952 முதல் 1969 வரை வியன்னா சிம்பொனி இசைக்குழுவில் செல்லோ வாசித்துச் சம்பளம் வாங்கியவர். 1953-ல் அவர் தொடங்கிய கன்சென்டஸ் மியூசிகஸ் குழு முதல் பொதுக் கச்சேரி செய்தது 1957-ல். பெல்ஜியத்தின் ஃபிலிப் ஹெரவேகே, கென்ட் நகரில் மருத்துவ மாணவராக இருந்தபோதே, 1970-ல், நண்பர்களைச் சேர்த்து கொலீஜியம் வொக்காலே குழுவை ஆரம்பித்தார். மனநல மருத்துவமும் படித்தார். எமானுவேல் ஐம் என்ற பெண் ஹார்ப்சிகார்ட் வாசிப்பவராகவே பல காலம் மற்றவர்களின் குழுக்களில் இருந்துவிட்டு, 2000-ல் சொந்தக் குழு தொடங்கினார். பெண்கள் அதிகம் இல்லாத துறை என்பதால் அவருடைய ஒலிப்பதிவுகளை நீங்கள் கட்டாயம் கேட்கவேண்டும்.

சரி, வருமானம். இதில் இரண்டு வழி உண்டு. சொந்தக் குழு வைத்து, கச்சேரிக்குக் கச்சேரி சம்பாதிப்பது ஒன்று. நம் ஊர் நாதஸ்வரக்காரர்களுக்கு முகூர்த்த மாதங்கள் எப்படியோ அப்படித்தான் இவர்களுக்கு ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலமும் கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரங்களும். நெதர்லாந்தில் லெந்து வந்துவிட்டால் ஊருக்கு ஊர் மத்தேயு பேஷன் (இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாக்கின் பெரிய படைப்பு) நடக்கும். அப்புறம் பல மாதம் காலண்டர் வெறுமையாகவே இருக்கும். பெரிய ஆட்களுக்கும் இங்கே தரை உறுதியானது இல்லை. இங்கிலாந்தின் நடத்துநர் ஜான் எலியட் கார்டினர் 2000-ல் ஊர் ஊராகப் போய் ஒரே வருடத்தில் பாக்கின் திருச்சபைக் காண்டாட்டாக்களை நடத்தி முடித்தார். அதை வெளியிடுவதாக இருந்த பெரிய நிறுவனம் பின்வாங்கவே, 2005-ல் சொந்த வெளியீட்டு நிறுவனம் தொடங்கித்தான் அந்த ஒலிப்பதிவுகளைக் கொண்டுவர முடிந்தது. கூப்மனுக்கும் இதே கதி: பாதியில் நின்ற காண்டாட்டாத் தொகுதியைத் தன் சொந்த நிறுவனத்தின் மூலம் முடித்தார்.

மற்ற வழி, ஜெர்மனியின் சபைகளில் இசைப் பொறுப்பாளர் வேலை. பாக் பார்த்த அதே கான்டர் வேலைதான், இன்றும் இருக்கிறது. ஏ, பி, சி என்று தரம் பிரித்திருக்கிறார்கள். 'ஏ', 'பி' பதவிகளுக்குத் திருச்சபை இசையில் பட்டம் வேண்டும். சபை உறுப்பினராகவும் இருக்கவேண்டும் என்று பொதுவாக எதிர்பார்ப்பார்கள். உங்களுக்கு அது பிரச்சினை இல்லை. மாதச் சம்பளம் உண்டு. ஆனால் தினமும் பாக் கிடையாது. ஞாயிறு ஆராதனைக்கு ஆர்கன் வாசிக்கவேண்டும், சிறுவர் கொயர், முதியவர் கொயர், பித்தளை வாத்தியக் குழு எல்லாவற்றையும் பார்க்கவேண்டும், கல்யாணத்துக்கும் அடக்க ஆராதனைக்கும் போகவேண்டும். இதற்கு நடுவே, ஆலயம் கொஞ்சம் பெரியதாக இருந்தால், வருடத்துக்கு ஒரு பேஷனோ கிறிஸ்மஸ் ஆரட்டோரியோவோ உங்கள் கைக்கு வரும். என் அபிப்பிராயத்தில் உங்களுக்கு ஏற்ற வழி இதுதான். பாக்கை மட்டுமே நடத்தவேண்டும் என்ற பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். வாரா வாரம் ஒரு சபையைப் பாடவைத்துப் பழகிய கைக்குப் பாக் சீக்கிரம் பிடிபடும், ஏனென்றால் அவர் எழுதியதே அப்படிப்பட்ட வாரங்களுக்காகத்தான்.

போவதற்கு முன்னால் இங்கேயே செய்யவேண்டியது நிறைய இருக்கிறது. முதலில் கன்டினுவோ. பரோக் இசையில் கீபோர்டு வாசிப்பவருக்கு இடது கைக்கான பேஸ் வரி மட்டும்தான் எழுதப்பட்டிருக்கும்; அதோடு 6, 7, 4-3 என்று சில எண்கள். அந்த எண்களைப் பார்த்து வலது கை அங்கேயே ஸ்வரக்கட்டுகளை உண்டாக்கவேண்டும். எட்டாம் கிரேடு தேர்வு இதை உங்களுக்குச் சொல்லித் தந்திருக்காது. அடுத்தது கால் பழக்கம்: திருச்சபை இசைப் படிப்பின் நுழைவுத் தேர்வில் பெடல் உள்ள ஆர்கனில் வாசிக்கச் சொல்வார்கள். கீபோர்டிலேயே வளர்ந்த நம் பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான். சென்னையில் ஒன்றிரண்டு பழைய ஆலயங்களில் பைப் ஆர்கன் இருக்கிறது. அங்குள்ள ஆர்கனிஸ்டிடம் பேசி, மாதம் ஒருமுறையாவது உட்கார அனுமதி வாங்குங்கள். அப்புறம் ஜெர்மன் மொழி. பாக்கைப் பொறுத்தவரை இதை விட்டுவிட்டு வேறு எதைக் கற்றாலும் பாதிதான்.

கொயருக்கு ஒரு வேலை சொல்கிறேன். பெரிய வெள்ளிக்கு நீங்கள் பாடும் 'இரத்தம் காயம் குத்தும்' ஞானப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ராகம் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601-ல் வெளியிட்ட ஒரு காதல் பாட்டின் ராகம். பவுல் கெர்ஹார்ட்டின் ஜெர்மன் வரிகள் 1656-ஐச் சேர்ந்தவை. மத்தேயு பேஷனில் பாக் இதை ஐந்து இடங்களில் வைத்திருக்கிறார். முதலில் ஈ மேஜரில் வரும். இயேசுவை மறுதலிக்கமாட்டேன் என்று பேதுரு சொன்ன உடனே அரை ஸ்வரம் இறங்கி ஈ ஃபிளாட்டில் வரும். பிலாத்துவின் முன்னால் இன்னும் அரை ஸ்வரம் கீழே. முள்முடி சூட்டிய பிறகு ஒருமுறை. கடைசியாக, இயேசு உயிர்விட்ட அடுத்த கணம். மேல் குரலில் ராகம் ஏறக்குறைய அதேதான். மாறுவதெல்லாம் ஆல்டோ, டெனர், பேஸ். அந்தக் கடைசி இடத்தில், 'என் இதயம் மிகவும் அஞ்சும் வேளையில்' என்ற பொருள் வரும் வரியில் கீழ்க்குரல்கள் அரை அரை ஸ்வரமாக நகரும். கால் வைக்கும் இடமெல்லாம் நழுவுவதுபோல் இருக்கும். மேல்குரலை நிறுத்திவிட்டு அந்த மூன்று குரல்களை மட்டும் பாடவைத்துக் கேளுங்கள்.

இந்த ஐந்தையும் உங்கள் கொயருக்குக் கற்றுக்கொடுங்கள். சோல்ஃபா (டோ-ரே-மி எழுத்து முறை) மட்டும் தெரிந்தவர்கள் இருந்தால் சோல்ஃபாவிலேயே எழுதிக் கொடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. முள்முடிக்குப் பிறகு வருவதை ஜெர்மனிலும் பாடுங்கள். 'ஹௌப்ட்' (தலை) என்ற சொல்லின் முடிவில் உள்ள 'ப்ட்' 18 வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் விழவேண்டும். ஒருவர் பிந்தினாலும் அடுத்த சொல் தொடங்கும் இடம் கலங்கிவிடும். இதைச் சரிசெய்யும்போதுதான் உங்கள் கை எதற்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியவரும். வரிகளின் முடிவில் ஃபெர்மாட்டா குறி இருக்கும். அதைப் பார்த்து ஒவ்வொரு வரியையும் நீட்டிப் பாடியது பழைய வழக்கம். இப்போது பெரும்பாலோர் அதை வரி முடிகிறது என்பதற்கான குறியாக மட்டும் எடுத்துக்கொண்டு, பொருள் தொடர்கிறதா நிற்கிறதா என்று பார்த்து மூச்சு விடுகிறார்கள். நான் இரண்டாவது கட்சி. நீங்கள் இரண்டு விதமாகவும் பாடவைத்து, எதை ஏற்கிறீர்கள், ஏன் என்று கொயரிடம் சொல்லிப் பாருங்கள். காரணத்தைச் சொல்லிப் பாடவைக்கத் தெரியவேண்டும். நுழைவுத் தேர்விலும் உங்களை ஒரு சிறு கொயரின் முன்னால் நிறுத்தி இதைத்தான் கவனிப்பார்கள்.

18 பேர் போதுமா என்று நினைக்கவேண்டாம். 1730-ல் பாக் லைப்ஸிக் நகர மன்றத்துக்கு எழுதிக் கொடுத்த மனுவில், ஒரு கொயருக்குக் குறைந்தது 12 பேர் வேண்டும், 16 இருந்தால் நல்லது என்றுதான் கேட்டார். 1981-ல் ஜோஷுவா ரிஃப்கின் என்ற அமெரிக்கர், குரலுக்கு ஒருவர்தான் பாடினார்கள் என்று வாதிட்டார். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. யார் பக்கம் நியாயம் இருந்தாலும் உங்களிடம் ஆள் பஞ்சம் இல்லை.

"என்னை ஏற்பார்களா" என்பதற்கு இன்னும் ஒன்று சொல்லவேண்டும். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது, பாக் ஆர்ன்ஸ்டாட் என்ற சிற்றூரில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த 21 வயது இளைஞர். 1740-ல் வந்த இன்னொரு மிஷனரி ஃபப்ரிஷியஸ், ஜெர்மன் சபைகள் பாடிய ஞானப்பாட்டுகளைத் தமிழில் தந்தார். பாக் எந்தப் பாட்டுகளை வைத்துக் காண்டாட்டா எழுதினாரோ, அவற்றில் பலவற்றை உங்கள் பாட்டி மனப்பாடமாகப் பாடியிருப்பார். ஐரோப்பாவின் இசை மாணவர்களில் பலர் இந்த ராகங்களை வகுப்பில்தான் முதலில் கேட்கிறார்கள். நேர்காணலில் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

படிக்கும் இடங்கள்: ஜெர்மனியின் அரசு இசைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் திருச்சபை இசைத் துறை இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ. கன்டினுவோவில் ஆழமாகப் போகவேண்டுமென்றால் சுவிட்சர்லாந்தின் பாசல், நெதர்லாந்தின் ஹேக். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் திருச்சபை இசை நிலையம் தேர்வாகும் எல்லோருக்கும் முழுக் கட்டணத்தையும் ஏற்றுக்கொள்கிறது. அங்குள்ள கொயரைச் சுஸுகியே 2009 முதல் 2013 வரை நடத்தினார். ஆனால் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

ஆகவே இரண்டு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதமே ஜெர்மன் வகுப்பில் சேருங்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் காலையில் ஒரு மணி நேரம் கன்டினுவோவுக்கு ஒதுக்க முடியும். ஜெர்மன் மாணவர் விசாவுக்கு ஒரு வருடச் செலவாக 11,904 யூரோவை வங்கியில் முடக்கிக் காட்டவேண்டும். அதை உங்கள் ஐ.டி. சம்பளத்திலிருந்தே சேர்க்கலாம், அம்மாவிடம் கைநீட்டவேண்டியதில்லை. அக்டோபரில் தொடங்கும் படிப்புக்கு வசந்த காலத்தில் விண்ணப்பித்தால், நுழைவுத் தேர்வு கோடைக்கு முன் நடக்கும். தேர்வாகிவிட்டீர்கள் என்ற கடிதம் கைக்கு வந்த பிறகு ராஜினாமாவை எழுதுங்கள்.