வேரோடு வந்த பால் பல்

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு மூன்று வயது. போன வாரம் பல் தேய்த்துவிடும்போது கீழ்வரிசை முன்பல் ஒன்று கையோடு வந்துவிட்டது. அடி எதுவும் படவில்லை, அவள் அழக்கூட இல்லை. பல் டாக்டர் ரத்தத்தில் ஏஎல்பி பார்க்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் 58 என்று வந்திருக்கிறது. பக்கத்திலேயே 44 – 147 என்று அச்சடித்திருப்பதால் நார்மல்தான் என்கிறார்கள். இத்தோடு விட்டுவிடலாமா? என் கணவருக்கும் பாத எலும்பில் இரண்டு முறை விரிசல் விழுந்திருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய்

பதில்: விட்டுவிடாதீர்கள் அம்மா. அந்தப் பல்லை வைத்திருக்கிறீர்களா? எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஆறு வயதுவாக்கில் தானாக விழும் பால் பல்லில் வேர் அநேகமாக இருக்காது. அடியிலிருந்து வரும் நிரந்தரப் பல்லுக்கு வழிவிட்டு அது கரைந்திருக்கும். உங்கள் மகளின் பல்லில் வேர் முழுசாக, கூம்பு போல நீண்டிருந்தால் விஷயம் வேறு. வேரைத் தாடையோடு பிடித்து வைக்கும் சிமென்ட்டம் என்ற மெல்லிய பூச்சு சரியாக உருவாகவில்லை என்று அர்த்தம்.

அடுத்து அந்த 58. ரிப்போர்ட்டில் இருப்பது பெரியவர்களுக்கான அளவு. எலும்பு மளமளவென்று வளரும் வயதில் ஏஎல்பி தூக்கலாகத்தான் இருக்கும். ஆரோக்கியமான குழந்தைகளை வைத்துக் கனடாவில் நடந்த காலிபர் ஆய்வில், 1 முதல் 10 வயதுக்குள் 142 – 335 என்று கண்டார்கள். பரிசோதிக்கும் முறைக்கேற்பக் கொஞ்சம் முன்பின் ஆகலாம். ஆனாலும் மூன்று வயதுக்கு 58 குறைவு, நன்றாகவே குறைவு.

ஏஎல்பி என்பது அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி. எலும்பிலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் இதைத் தயாரிக்கச் சொல்லும் மரபணுவின் பெயர் ஏஎல்பிஎல். முதலாவது குரோமோசோமில் இருக்கிறது. எலும்பைக் கட்டும் செல்கள் இந்த நொதியைத் தங்கள் மேற்பரப்பில் வைத்திருக்கும். கால்சியமும் பாஸ்பேட்டும் படிகமாகப் படிய விடாமல் தடுக்கும் பைரோபாஸ்பேட் என்ற பொருளை உடைப்பது இதன் வேலை. மரபணுவில் பழுது இருந்தால் தடை நீங்காது; சுண்ணாம்புச் சத்து ரத்தத்தில் இருந்தும் எலும்பில் ஏறாது. இதற்கு ஹைப்போபாஸ்பட்டேசியா என்று பெயர். 1948-இல் ராத்பன் என்ற டாக்டர் வைத்த பெயர் இது.

நான் பயிற்சியில் இருந்தபோது, கால் வளைந்த இரண்டரை வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்ததுமே, குழந்தைகளின் எலும்பு மென்மையாகி வளையும் ரிக்கெட்ஸ் நோய் என்று எழுதி வைட்டமின் டி கொடுத்தேன். கேஸ் ஷீட்டில் ஏஎல்பி 31 என்று இருந்தது. கூடினால்தானே கவலை என்று தாண்டிப் போய்விட்டேன். வைட்டமின் டி குறைவால் வரும் ரிக்கெட்ஸில் ஏஎல்பி ஏற வேண்டும், இறங்கக் கூடாது. மாதங்கள் போயும் கால் நிமிரவில்லை. மறுபடி வந்த அன்று அவன் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலு பால் பற்களை என் மேசையில் வைத்தார். நாலிலும் முழு வேர். அந்த மேசையில் கற்றதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அதனால் டாக்டர் சொல்லாமல் கால்சியம், வைட்டமின் டி எதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். இந்தக் கோளாறில் எலும்பு ஏற்காத கால்சியம் ரத்தத்தில் தேங்கிவிடக்கூடும்.

ஏஎல்பியை இன்னொரு முறை பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க இடிடிஏ சேர்த்த குழாயில் எடுத்தால், நொதிக்குத் தேவையான துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் அது பிடித்துக்கொண்டு அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். துத்தநாகக் குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு ஆகியவற்றிலும் ஏஎல்பி இறங்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். மறுமுறையும் குறைவாகவே வந்தால் ரத்தத்தில் பி6 வைட்டமினின் செயல்படும் வடிவமான பிஎல்பி அளவு, பிறகு மரபணுப் பரிசோதனை. பி6 கலந்த டானிக் ஏதாவது கொடுத்துவந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முடிவு தவறிவிடும்.

பயந்து உறக்கம் கெட வேண்டாம். பற்களோடு நின்றுவிடும் லேசான வகையும் இதில் உண்டு. கடுமையான வகைக்கு, இல்லாத நொதிக்குப் பதிலாகத் தோலுக்கடியில் ஊசியாகப் போடும் அஸ்போட்டேஸ் ஆல்பா 2015 முதல் இருக்கிறது.

உங்கள் கணவர் விஷயம் முக்கியம். பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதான ஒரு பிரதி வந்தாலே லேசான வகை தலைகாட்டலாம். பெரியவர்களுக்குப் பாத எலும்பில் திரும்பத் திரும்ப விரிசல் விழுவது இதன் ஓர் அடையாளம். அவருக்கும் ஏஎல்பி பாருங்கள். எலும்புத் தேய்வு என்று சொல்லி பிஸ்பாஸ்போனேட் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், இந்தச் சந்தேகத்தை அந்த டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். அந்த மருந்தின் அமைப்பு பைரோபாஸ்பேட்டைப் போன்றது. ஏற்கெனவே தேங்கிக் கிடக்கும் தடைக்கு அதுவும் துணை போய்விடும்.

குழந்தைகளுக்கான ஹார்மோன் நிபுணர் அல்லது மரபியல் நிபுணரைப் பாருங்கள். போகும்போது இரண்டு ரிப்போர்ட்டுகளோடு அந்தப் பல்லையும் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள்.