ஜாம் பாட்டிலில் தலைவலி மருந்தா?

ஐயா,

வாட்ஸாப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்த சாலிசிலேட்டுகளை உணவு நிறுவனங்கள் கெடாமலிருக்கவும் மணத்துக்காகவும் சேர்க்கத் தொடங்கினவாம். ஓர் ஊரில் 20 வருடம் தொடர்ந்து விசாரித்ததில் மக்களுக்குத் தலைவலி படிப்படியாகக் குறைந்திருக்கிறதாம். ஆகவே இன்னும் சேர்த்தால் இன்னும் குறையும் என்கிறார்கள். எந்த ஊர், எவ்வளவு சேர்த்தார்கள் என்ற விவரமில்லை. ஆனால் ஆஸ்பிரின் தலைவலிக்குக் கேட்பது உண்மைதானே? உணவில் இருப்பதும் கொஞ்சமாவது வேலை செய்யாதா? என் மனைவிக்கு ஒற்றைத் தலைவலி உண்டு, அதனால் கேட்கிறேன்.

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

'கொஞ்சமாவது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கொஞ்சம் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஒற்றைத் தலைவலிக்கு ஆஸ்பிரின் கேட்கிறதா என்று சோதித்தவர்கள் ஒரே வேளையில் 900 முதல் 1000 மி.கி. கொடுத்தார்கள். சாதாரண உணவில் எவ்வளவு சாலிசிலேட் உள்ளே போகிறது? ஸ்காட்லாந்தில் கணக்கிட்டு 2011இல் வெளியிட்டார்கள். தேநீர், பழம், மசாலா, மது எல்லாம் சேர்த்து ஆண்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4.4 மி.கி., பெண்களுக்கு 3.2 மி.கி. ஒரு வேளை மருந்தின் அளவை எட்ட ஓர் ஆண் இருநூறு நாள் சாப்பிட வேண்டும். சேர்த்துவைக்கவும் வழியில்லை. சிறிய அளவில் உள்ளே போகும் சாலிசிலேட்டில் பாதி இரண்டு மூன்று மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து போய்விடும். நிறுவனங்கள் இதைப் பத்து மடங்காக்கினாலும் 44 மி.கி.தான்.

'ஒரே குடும்பம்' என்ற வாதமும் பலவீனமானது. ஆஸ்பிரினில் அசிட்டைல் என்றொரு சிறு துண்டு இருக்கிறது. வலிக்குக் காரணமான புரோஸ்டாகிளாண்டினை உண்டாக்கும் நொதியில் அது போய் ஒட்டிக்கொண்டு, நொதியை நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று 1971இல் காட்டிய ஜான் வேனுக்கு 1982இல் நோபல் பரிசு கிடைத்தது. உணவிலிருந்து கிடைக்கும் வெறும் சாலிசிலிக் அமிலத்தில் அந்தத் துண்டு இல்லை. அதே நொதியின் மேல் அதன் பிடி மிகத் தளர்வானது. குடும்பத்தில் இன்னொரு உறுப்பினர் மெத்தில் சாலிசிலேட், வலித் தைலங்களில் மூக்கைத் துளைக்குமே அந்த வாசனை. மிட்டாயிலும் சூயிங் கம்மிலும் மணத்துக்காக மிகச் சிறிதளவு சேர்ப்பது இதைத்தான். இதுவே சுத்த எண்ணெயாக ஒரு டீஸ்பூன் உள்ளே போனால் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம், குழந்தையின் உயிரையே பறித்துவிடும். உறவுமுறை பார்த்து மருந்து தேடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, சுத்தமான ஆஸ்பிரினையே வருடக்கணக்கில் சிறிதளவு கொடுத்தால்? அதையும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 325 மி.கி. ஆஸ்பிரினும் மறுபாதிக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள். 1990இல் வந்த முடிவின்படி, பிறகு ஒற்றைத் தலைவலி வந்ததாகச் சொன்னவர்கள் போலி மாத்திரைக் குழுவில் 7.4 சதவீதம், ஆஸ்பிரின் குழுவில் 6. ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நாள் கணக்கில் பார்த்தால் ஸ்காட்லாந்துக்காரரின் உணவில் இருப்பதைப்போல ஏறத்தாழ 37 மடங்கு கொடுத்துக் கிடைத்த பலன் இது. பெண்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 100 மி.கி. கொடுத்துப் பார்த்தபோது தெளிவான பலன் தெரியவில்லை.

இனி அந்த 20 வருட விசாரணை. இதில்தான் பெரிய ஓட்டை. ஒரே ஆட்களையே 20 வருடம் விசாரித்திருந்தால், தொடங்கும்போது 40 வயதானவருக்கு முடிக்கும்போது 60. ஒற்றைத் தலைவலி நாற்பதையொட்டி உச்சத்தில் இருந்து, ஐம்பதுக்குப் பிறகு தானாகவே தணியும், பல பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் இன்னும் தெளிவாக. ஜாமில் எதைக் கலந்திருந்தாலும், கலக்காவிட்டாலும் வரைபடம் இறங்கித்தான் இருக்கும். தலைவலிக்காரர்களை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால் இன்னொரு சிக்கல். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் வந்து பெயர் கொடுப்பார். உச்சத்துக்கு அடுத்து இறக்கம்தானே?

அந்த ஊரை ஒத்த, சாலிசிலேட் சேராத இன்னோர் ஊரையும் இதே 20 வருடம், இதே கேள்விகளோடு விசாரித்திருக்க வேண்டும். 'தலைவலி வருகிறதா?' என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. மாதத்தில் எத்தனை நாள், எத்தனை மணி நேரம், ஒரு பக்கமா, குமட்டல் உண்டா, அன்று என்ன மாத்திரை என்று தேதியோடு எழுதி வாங்க வேண்டும். இரத்தத்திலோ சிறுநீரிலோ சாலிசிலேட் உண்மையிலேயே கூடியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்தக் கடைசிச் சோதனை மலிவானது. இதைச் செய்யாத ஆய்வை நான் மேலே படிக்கமாட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், நிறுவனங்கள் சாலிசிலிக் அமிலத்தைப் பதப்பொருளாக அள்ளிப் போட்டது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பீரிலும் ஒயினிலும் ஜாமிலும். பிரான்சு 1881இலேயே தடை செய்தது. அமெரிக்க வேளாண் துறையின் தலைமை வேதியியலாளர் ஹார்வி வைலி 1902இல் 12 இளைஞர்களுக்கு அன்று பதப்பொருளாகப் பயன்பட்ட வெண்காரம் கலந்த சாப்பாடு போட்டுத் தொடங்கி, பின்னர் சாலிசிலிக் அமிலத்தையும் அப்படியே சோதித்தார். அவர் தேடியது கெடுதலை, நன்மையை அல்ல. ஒப்பிடத் தனிக் குழு அவரிடமும் இல்லை என்பது வேறு விஷயம். இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட பதப்பொருள்களில் சாலிசிலிக் அமிலம் கிடையாது. ஜாம், சாஸ் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் 211 அல்லது 202 என்றிருக்கும். முன்னது சோடியம் பென்சோயேட், பின்னது பொட்டாசியம் சார்பேட். சாலிசிலேட்தான் வேண்டுமென்றால் நம் அஞ்சறைப் பெட்டியில் மஞ்சளிலும் சீரகத்திலும் இருக்கிறது. தினமும் ரசம் வைக்கும் வீடுகளிலும் தலைவலி இருக்கத்தான் செய்கிறது.

உங்கள் மனைவி விஷயத்தில் 'இன்னும் சேர்த்தால் இன்னும் குறையும்' என்ற வரிதான் எனக்குக் கவலை. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும். ஒரு நாட்காட்டியில் வலி வந்த நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி என்று மூன்று மாதம் போட்டு, அந்தத் தாளோடு மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். ஆஸ்துமாவோ வயிற்றுப் புண்ணோ இருந்தால் ஆஸ்பிரின் பேச்சை எடுக்கும் முன்பே அவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.